கை மாறி வந்த ரீல்

அந்த வீடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறீர்களா தம்பி? நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும். அவன் என்ன சொல்கிறான் என்பது வாயசைவைப் பார்த்தாலே தெரிகிறது. ‘மக்களே, செம ஸ்மூத்’ என்கிறான். பெட்டியைத் திறந்து தூண்டில் ரீலை இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறான். நூல்கூட இன்னும் சுற்றவில்லை. பக்கத்தில் தண்ணீர் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. பின்னால் தெரிவது அவன் வீட்டு வாஷிங் மெஷின். அதற்குள் செம ஸ்மூத். வெறும் கைப்பிடியைச் சுற்றினால் எந்த ரீலும் ஸ்மூத்தாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டு கிரைண்டர்கூட அரிசி போடாமல் ஓட்டினால் செம ஸ்மூத்.

நீங்களும் தூண்டில் போடுகிறவரா? இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறீர்களா? நல்லவேளை, என்னைப் பார்த்தீர்கள். உள்ளே போயிருப்பது உங்கள் அம்மாதானே? அப்படியானால் நேரம் இருக்கிறது. இந்த டாக்டர் ஒருவரை உள்ளே விட்டால் பாதம், விரல், விரலிடுக்கு என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார். நல்ல மனிதர். கொஞ்சம் அறிவு போதாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் ஹெர்மன் மச்சாடோ. இந்தத் தூத்துக்குடியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன். முத்துநகர் தூண்டிலார் மன்றத்தின் தலைவர். ‘தூண்டிலார்’ என்பது நான் போட்ட சொல். மற்றவர்கள் ‘ஷார்க் பாய்ஸ்’ என்று வைக்கலாம் என்றார்கள். அதில் ஒருவருக்குப் பேரன் கல்லூரியில் படிக்கிறான். பாய்ஸாம். சுறாவும் எவனும் பிடித்ததில்லை.

நீங்கள் பார்க்கிற வீடியோவில் இருக்கிறதே, அதற்குப் பெயர் லோ புரொஃபைல். நான் சப்பை ரீல் என்பேன். ராட் என்கிற தூண்டில் கம்பின்மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என்னுடையது அந்தக் காலத்து ஜப்பான் ரீல், உருண்டை. உட்கார்ந்தால் ஒரு கௌரவத்தோடு உட்காரும். ஆனால் இரண்டுக்கும் தத்துவம் ஒன்றுதான். நடுவில் நூல் சுற்றிய உருளை, அதாவது ஸ்பூல். நீங்கள் ராடை வீசினால் நுனியில் கட்டிய பொய்மீன் பறக்கும். அது நூலை இழுக்கும், ஸ்பூல் சுழலும். இதுவரை சரியா? பொய்மீன் காற்றில் வேகம் குறைந்துகொண்டே போகும். ஸ்பூலுக்கு அது தெரியாது. அது பாட்டுக்குச் சுழன்று, வெளியே போக வேண்டிய நூலை உள்ளேயே அவிழ்த்துக் கொட்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு குருவிக்கூடு. அதைப் பிரிப்பதற்குள் மீன், சூரியன், உங்கள் மரியாதை எல்லாம் போய்விடும்.

அந்தக் குருவிக்கூடு வராமல் காப்பது எது? கட்டைவிரல். ஸ்பூலின்மேல் விரல் படுவதும் படாததுமாக இருக்க வேண்டும். நூல் லேசாக உப்பும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தெரிந்த உடனே ஒரு சிறு அழுத்தம். அவ்வளவுதான். ரீலுக்குள் பிரேக் என்று ஒன்று வைத்திருப்பார்கள். நான் என் ரீலை வாங்கிய அன்றே அதைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டேன். விரல் இருக்கிறவனுக்கு பிரேக் எதற்கு?

இப்போது வருகிற சப்பை ரீல்களில் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. உள்ளே காந்தம். திருகைத் திருப்பினால் காந்தம் ஸ்பூலைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கூமுட்டை எறிந்தாலும் சிக்காது. அதுதான் விற்பனை ரகசியமே. இந்தக் கம்பெனிகள் எல்லாம் போன வருஷம் இல்லை, அடுத்த வருஷம் இருக்காது. பெயரைப் பாருங்கள். பால்துரை வாங்கியதன் பெயர் சோன்மாரு. ஜப்பானிய வார்த்தை மாதிரி இருக்கிறது அல்லவா? ஜப்பானில் போய்ச் சொன்னால் ஏதாவது வாத வியாதியா என்று கேட்பார்கள். நிறம் ஊதா. ஓரத்தில் பச்சையாக மாறும். கல்யாண வீட்டு சீரியல் பல்பு பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. பெட்டியில் ‘பன்னிரண்டு கூட்டல் ஒன்று பேரிங்’ என்று போட்டிருக்கிறது. ஏன், பதின்மூன்று என்று போட்டால் என்ன? அந்த ஒன்று மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையா? நல்லதாக நாலு பேரிங் போதும். பௌதிகம் அவ்வளவுதான் கேட்கிறது. மீதி எல்லாம் பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வருவதற்கு.

பால்துரையைச் சொல்லவில்லையே. இப்போது கீழே ஸ்கூட்டரை நிறுத்தப் போயிருக்கிறார். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். என் நண்பர் என்று ஊர் சொல்லும். முப்பது வருஷமாக பழையகாயல் முகத்துவாரத்தில் என் இடப்பக்கம் நின்று எறிகிறவர். என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வருவதும் அவர்தான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதது போல. ஆக்சிலேட்டரைப் பிடித்த பிடி எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்றிலிருந்து சாவியை ரெஜினா எங்கேயோ வைத்துவிட்டாள். ரெஜினா என் மனைவி.

பொங்கலுக்கு அடுத்த வாரம் அந்த ஊதா ரீலோடு வந்து நின்றார். நான் பார்த்தேன். என் பொய்மீனைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கே பொறுக்கவில்லை.

“என்ன வாத்தியாரே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீரு?”

“யாருக்காவது வளைகாப்பா?”

“கலரை விடும் வே. எறிஞ்சு பாரும். பஞ்சு மாதிரி போவுது.”

“பஞ்சு தூரம் போகாது, பால்துரை. அது பௌதிகம்.”

அவர் எறிந்தார். எங்கேயோ போய் விழுந்தது. காற்று பின்னாலிருந்து அடித்தது, அதனால். நானும் என் ரீலில் எறிந்தேன். குருவிக்கூடு. காற்று முன்னாலிருந்து அடித்தது. சிரிக்காதீர்கள் தம்பி, முகத்துவாரத்தில் காற்று அப்படித்தான். ஆளுக்கு ஆள் மாறும்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. முப்பது வருஷமாகச் சிக்காத ரீல் சிக்க ஆரம்பித்தது. முதலில் நூலைச் சந்தேகப்பட்டேன். பின்னல் நூலை மாற்றினேன், சிக்கியது. பேரிங்கைக் கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டேன், சிக்கியது. உப்புக்காற்று, ஈரம், பொய்மீனின் எடை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். விஞ்ஞானம் அப்படித்தான் போக வேண்டும். கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். பக்கத்தில் ஒருவர் காந்த ரீலால் சொத்துச் சொத்தென்று எறிந்துகொண்டிருந்தால், நம் கையின் தாளம் அவருடைய தாளத்துக்கு இழுபடுகிறது. ஒரே சுவரில் மாட்டிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் கொஞ்ச நாளில் ஒன்றாக ஆடும். நிரூபிக்கப்பட்ட விஷயம். பால்துரையிடம் இதை விளக்கினேன். பத்தடி தள்ளி நின்று எறியச் சொன்னேன். நின்றார். அப்போதும் சிக்கியது. அவ்வளவு தூரத்துக்கு அந்த ரீலின் பாதிப்பு இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் ஒரு நாள் கேட்டார். “வாத்தியாரே, விரல்ல நூலு உப்புறது தெரியுதா ஒமக்கு?”

என்னிடம் கேட்கிறார். அந்தப் பாடத்தை அவருக்கு நடத்தியதே நான்.

“பால்துரை, விரலுக்குத் தெரிவது என்பது ஒரு கட்டத்துக்கு மேல் தெரியாமலே தெரிவது. பயிற்சி முற்றினால் உணர்ச்சி தேவையில்லை.”

“ம்” என்றார். அவ்வளவுதான் அவருடைய அறிவு. அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை.

அந்த மாதங்களில் வீட்டிலும் ஒரு மாற்றம். ரெஜினாவுக்கு இந்த வயதில் என்மேல் பிரியம் கூடிவிட்டது. காலையில் நான் சட்டை போட்டால் ஓடி வந்து பொத்தான் மாட்டிவிடுவாள். கல்யாணமான புதிதில்கூடச் செய்ததில்லை. நானும் விட்டுவிடுவேன். பொத்தான்களும் முன்னே மாதிரி இல்லை, வழுக்குகின்றன. தையல்காரர்களும் இப்போது சப்பை. டம்ளரை எடுக்கப் போனால் அதற்கு முன்னே ஒரு கை வந்து காப்பி சூடா என்று பார்க்கும். கட்டைவிரலில் ஒரு தடவை தோல் உரிந்திருந்தது. காப்பி சுட்டதாம். எனக்கே தெரியாத ஒன்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழா வரும் அல்லவா. திருவிழா முடிந்த ஞாயிறு எங்கள் மன்றத்தில் டியூப் போட்டி. லாரி டியூபில் காற்றடித்து, தூண்டில் வளைவுக்கு உட்பக்கம் தண்ணீர் அலையாமல் இருக்குமே, அங்கே நங்கூரம் போட்டு மிதக்க விடுவோம். தூண்டில் வளைவு என்றால் கடலுக்குள் கல் கொட்டி வளைத்துக் கட்டியிருக்கிறார்களே, அது. கொக்கியில்லாத பொய்மீனை எறிந்து டியூபின் ஓட்டைக்குள் விழவைக்க வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. ஜெயித்தவருக்கு அந்த வருஷம் முழுக்க முகத்துவாரத்தில் எந்தக் கல்மேல் நிற்பது என்று தேர்வு செய்கிற உரிமை. தூண்டிலாருக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. நீரோட்டம் திரும்புகிற இடத்தில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. கொடுவா மீன் வந்தால் அதன் முன்னால்தான் வரும். அந்தக் கல் பல வருஷமாக என்னுடையது. புரொபசர் கல் என்றே சொல்வார்கள்.

இந்த வருஷம் பாதிப் பேர் கையில் சப்பை ரீல். சிவப்பு, ஊதா, ஒருவருடையது மயில்கழுத்து. வெயிலில் பார்க்க ஏதோ பலூன் விற்கிற இடம் மாதிரி இருந்தது. என் முறை வந்தது. முதல் வீச்சு, குருவிக்கூடு. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சிக்கினால் சிரிக்க வேண்டும், அவர்கள் சிக்கினால் நான் சிரித்திருக்கிறேன். அவசரமாகப் பிரித்தேன். ஏதோ ஒரு சுற்று சரியாகப் பிரியவில்லை போலிருக்கிறது. கட்டைவிரலைச் சுற்றி ஒரு கண்ணி விழுந்திருந்தது. இதைப் பிறகு அவர்கள் சொல்லித்தான் தெரியும். முழு பலத்தோடு வீசினேன். பொய்மீன் பாதி வழியில் வெடுக்கென்று நின்று தண்ணீரில் விழுந்தது. ரீல்தான் பிடித்துக்கொண்டது என்று நினைத்து, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

யாரோ சொன்னார்கள். “சார், ரத்தம்.”

“யாருக்கு?” என்றேன்.

குனிந்து பார்த்தால் ராடெல்லாம் சிவப்பு. அந்தப் பின்னல் நூல் கட்டைவிரலை எலும்பு வரைக்கும் அறுத்திருக்கிறது. நான் சத்தம் போட்டேனா? இல்லை. முகம் சுளித்தேனா? இல்லை. நின்றுகொண்டு, ‘இன்னொரு வீச்சு பாக்கியிருக்கிறது’ என்றேன். தூண்டில் வளைவு முழுக்க அப்படி ஒரு அமைதி. அந்த மரியாதையை என் வகுப்பறையில்கூடப் பார்த்ததில்லை. பால்துரை வந்து ராடை வாங்கி, பல்லால் நூலை அறுத்து, தன் கைக்குட்டையைச் சுற்றினார். அந்த மனிதர் ஒரே முடிச்சை மூன்று தடவை போட்டார். அடிபட்டது எனக்கு, பயம் அவருக்கு. சப்பை ரீல் பிடிக்கிறவர்களுக்கு நெஞ்சும் அப்படித்தான் ஆகிவிடும்.

இதோ, இந்தக் கட்டு அதுதான். ஆவணி முடியப் போகிறது, இன்னும் ஆறவில்லை.

இந்த டாக்டர் முதல் நாள் என்ன செய்தார் தெரியுமா? பால்துரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கண்ணை மூடச் சொன்னார். ஏதோ ஒரு குச்சியால் விரல் விரலாகக் குத்தி, “சுருக்னு இருக்கா சார்?” என்றார்.

“இல்லை.”

“இப்ப?”

“இல்லை.”

“இங்க?”

“டாக்டர், நான் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.”

கண்ணைத் திறந்தால் மனிதர் சோகமாக உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் ஐயோ அம்மா என்று கத்தி அவருக்குப் பழகிவிட்டது. கத்தாத ஒருவனைப் பார்த்ததும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு மரத்துவிட்டது என்று எழுதினார். வலக்கையில் அதிகமாம், இடக்கையில் பரவாயில்லையாம். சர்க்கரை ரத்தத்தில் ஓடுகிறது, ரத்தம் இரண்டு கைக்கும் ஒன்றுதானே? அது என்ன, வலக்கைக்கு மட்டும் ஓரவஞ்சனை? கேட்டேன். சில பேருக்கு மணிக்கட்டில் நரம்பு நசுங்கியும் இருக்கும், அதுவும் சேர்ந்துகொள்ளும் என்றார். பதில் தெரியாவிட்டால் மாணவர்களும் இப்படித்தான் பக்கத்தைக் கூட்டுவார்கள்.

போன தடவை எக்ஸ்ரே எடுத்தார். புண் எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். தொட்டிருந்தால் மேல் கணுவோடு எடுத்துவிடுவதுதான் நல்லது, இல்லையென்றால் வைத்துப் பார்க்கலாம் என்றார். இன்றைக்கு அதைச் சொல்லத்தான் வரச் சொன்னார். ரெஜினா நேற்று பனிமய மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். நான் ஏற்றவில்லை. விரலை எடுக்கட்டும், வைக்கட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் விரல் இல்லாமல் அந்த ஜப்பான் ரீலைப் பிடிக்க முடியாது தம்பி. அது ஒன்றுதான். அந்தக் கல்மேல் சும்மா போய் நின்று வேடிக்கை பார்க்க முடியுமா?

சரி, பால்துரை செய்ததைக் கேளுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெட்டியோடு வருகிறார். சோன்மாரு. எனக்கு வாங்கியிருக்கிறாராம். நான் இத்தனை மாதம் சொன்னது ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. போகட்டும் என்று திறந்து பார்த்தால், கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது.

உங்களுக்குப் புரிகிறதா? ரீலுக்குக் கைப்பிடி எந்தப் பக்கமோ அந்தக் கையால் சுற்றுவோம், மற்றக் கையால் எறிவோம். நான் வலக்கையால் எறிகிறவன். எனக்குக் கைப்பிடி இடப்பக்கம் இருக்க வேண்டும். இதை எடுத்தால் நான் இடக்கையால் எறிய வேண்டும், ஸ்பூலின்மேல் இடக்கைக் கட்டைவிரல் இருக்க வேண்டும். முப்பது வருஷம் என் பக்கத்தில் நின்றவர். நான் எந்தக் கையால் எறிகிறேன் என்று கவனித்ததே இல்லை.

“இது என்ன?” என்றேன்.

“தப்பா அனுப்பிட்டானுவ வாத்தியாரே.”

“திருப்பி அனுப்பும்.”

“எடுக்க மாட்டானாம்.”

“அப்படியென்றால் நீர் வைத்துக்கொள்ளும்.”

“எனக்கு எடக்கை வராதுல்லா.”

“எனக்கு மட்டும் வருமா?”

“நீரு படிச்சவருல்லா. படிச்சுக்கிடுவீரு.”

கம்பெனி எப்படிப்பட்டது பாருங்கள். இடம் வலம் தெரியாதவர்கள் ரீல் செய்கிறார்கள். ஆனால் முழுத் தவறும் கம்பெனியுடையது அல்ல என்று பிறகு தெரிந்தது. பால்துரை எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் போனில் ஆர்டர் சொல்லியிருக்கிறார். ரெஜினா கேட்டிருக்கிறாள். ‘ரைட் சைடு ஹேண்டிலு, ரைட் சைடு, மாத்தி அனுப்பிராதீய’ என்று இரண்டு மூன்று தடவை அழுத்திச் சொன்னாராம். தப்பைக்கூட எவ்வளவு தெளிவாகச் செய்திருக்கிறார் பாருங்கள். ‘ஏண்டி, நீயாவது திருத்தக் கூடாதா, என் கை எதுவென்று உனக்குமா தெரியாது’ என்று கேட்டேன். ‘எனக்கு ரீலைப் பத்தி என்ன தெரியும்’ என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். போகும்போது, ‘வந்தது வந்துட்டு, ஒரு தடவை எறிஞ்சுதான் பாருங்களேன்’ என்றாள். அவளும் கட்சி மாறிவிட்டாள்.

நான் மன்றத்தின் வாட்ஸாப்பில் இதைப் பற்றி விரிவாக எழுதினேன். இடக்கையால் தட்டுவதால் நேரம் எடுத்தது, ஆனால் தெளிவாக எழுதினேன். சோன்மாருவின் திருகில் எண்கள் தேய்கிற தரம், ஊதாப் பூச்சு, வீட்டோடு மாப்பிள்ளை பேரிங், இடம் வலம் குழப்பம், நண்பர்களின் கவனக்குறைவு எல்லாம். வழக்கமாக என்னை எதிர்த்து எழுத நாலு பேர் இருப்பார்கள். ஒருவரும் எழுதவில்லை. ஒருவர் மட்டும், ‘புரொபசர் கல்லுல யாரும் ஏற மாட்டோம் சார், நீங்க வாங்க’ என்று போட்டார். நான் எழுதியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கட்டுரையைப் படித்துவிட்டுப் பதில் எழுதுகிற பழக்கமே இந்த ஊரில் செத்துவிட்டது.

இருந்தாலும் ஒரு பொருளைப் பயன்படுத்திப் பார்க்காமல் குறை சொல்வது விஞ்ஞானம் அல்ல. அதற்காக மட்டும் ஒரு வேலை செய்தேன். சாயங்காலம் மொட்டை மாடிக்கு அந்த ரீலை எடுத்துக்கொண்டு போய், கடைசி மூலையில் ரெஜினாவின் துணி ஊறவைக்கிற பேசினை வைத்து, இடக்கையால் எறிந்து பார்த்தேன். குறைகளைக் கண்டுபிடிக்கத்தான். முதல் நாள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது நாள் அவர்கள் வீட்டு முருங்கை. அந்த வீட்டு மருமகப்பெண் எட்டிப் பார்த்து, “சார், ஏதும் விழுந்துட்டா?” என்று கேட்டாள். “ஆராய்ச்சி நடக்கிறது, உள்ளே போம்மா” என்றேன். காந்தத்தை முழுக்கத் திருகி வைத்தால் கழுதைகூட எறியலாம். அது எனக்கு அவமானம். அதனால் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். தளர்த்தினால் சிக்கும். சிக்கினால் ரீலின் குறை என்று நிரூபணமாகும். அதுதான் திட்டம். ஆனால் சிக்குவதற்கு முன்னாலேயே கட்டைவிரல் போய் அமுக்கிவிடுகிறது. நான் சொல்லாமலே. நூல் ஸ்பூலில் உப்புகிறது அல்லவா, பூனை முதுகில் முடி சிலிர்க்கிற மாதிரி ஒரு சின்ன எழுச்சி, அது விரலில் வந்து தட்டுகிறது. ஆராய்ச்சிக்குப் பெரிய இடைஞ்சல். ஒரு குறையையும் முழுசாக வெளியே வர விடுவதில்லை.

போன வாரம் பேசினில் மூன்று தடவை விழுந்தது. அது ரீலின் திறமை என்று நினைத்துவிடாதீர்கள். பேசின் பெரியது.

இதோ சிஸ்டர் என் பெயரைச் சொல்கிறார். உங்கள் அம்மா வெளியே வந்துவிட்டார் பாருங்கள், போய்க் கையைப் பிடியுங்கள். சிஸ்டர், ஒரு நிமிஷம், இந்தத் தம்பியிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லி முடித்துவிடுகிறேன், இவர் ரீல் வாங்கப் போகிறார், ஏமாந்துவிடக் கூடாது.

இந்த இடக்கைக் கட்டைவிரலைப் பாருங்கள் தம்பி. கொப்புளம். நேற்று சாயங்காலம் வந்தது. காந்தத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, முழு பலத்தோடு ஒன்று எறிந்தேன். ஸ்பூல் வெறிபிடித்துச் சுழல்கிறது. விரலை வைத்து நிறுத்தினேன். சுரீர் என்றது. ராடையே கீழே போட்டுவிட்டேன். என் ஜப்பான் ரீல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை வலிக்கவைத்திருக்குமா? எலும்பு வரை அறுத்தபோதுகூட இல்லை. தரம் என்றால் அது. இந்தச் சப்பை ரீல் ஒரு வீச்சில் கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டது.

கையை உதறிக்கொண்டே கீழே இறங்கினால் பால்துரை உட்கார்ந்திருக்கிறார். நீட்டிக் காட்டினேன். பாரும், நீர் வாங்கிக்கொடுத்த லட்சணம் என்றேன்.

“வலிக்கா?” என்றார்.

“வலிக்காமல்?”

“எப்படி வலிக்கு?”

“நெருப்பில் வைத்தது மாதிரி.”

பேனா முனையால் கொப்புளத்தின் ஓரத்தில் லேசாகத் தொட்டார். “இங்கன?”

“ஆமாம்.”

“இங்கன?”

“ஆமாம் வே, கையை எடும்.”

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். அந்த மனிதர் அடுப்படிப் பக்கம் திரும்பி, “மதினி, இங்க வாங்க. வாத்தியாருக்கு வலிக்காம்” என்றார். ரெஜினா ஈரக்கையோடு ஓடி வந்தாள். “நெசமாவா? வலிக்குதாங்க? நல்லாவே வலிக்குதா?” என்று என் விரலைப் பிடித்துக்கொண்டு இவளும் கேட்கிறாள். ஆமாம் என்று கத்தினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள் தம்பி. ஒரு மனிதன் கை வெந்து நிற்கிறான், இவர்களுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. அதோடு விட்டார்களா? ரெஜினா உடனே போய் நெய் விட்டுக் கேசரி கிண்டினாள். எனக்குச் சர்க்கரை, எனக்கு ஒரு கரண்டிகூடக் கிடையாது. இரண்டு பேரும் என் முன்னாலேயே உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்கள்.